நாலாவது குழாய்

ஏனுங்க தம்பி, அந்த மூட்டைய மட்டும் தள்ளாதீங்க. உங்க பேக்கு வேணும்னா என்ற மடியில வெச்சுக்கறன், பெங்களூரு வரைக்கும் பத்திரமாப் பாத்துக்கறன். மூட்டை இருக்கற எடத்துலயே இருக்கட்டும். உள்ளார தேங்காயும் இல்ல, கோழியும் இல்ல. குழாய் ஸ்பீக்கருங்க. மாரியம்மன் நோம்பிக்கு வேப்பமரத்துல கட்டியிருப்பாங்களே, அதேதான். கண்டக்டரு இதுக்குத் தனி டிக்கெட்டுன்னாரு. போடுங்க சாமின்னன். ஜன்னலோர சீட்டே போட்டாலும் சரின்னன்.

அந்தக் காதுல சொருகியிருக்கறதக் கழட்டிப்போட்டுக் கேளுங்க. சேலம் வர்றதுக்குள்ள முடிச்சர்றன். நான் நெம்பப் பேசற ஆளு இல்லீங்க.

என்ற பேரு நஞ்சப்பன். பல்லடத்துப் பக்கம் செங்காட்டுவலசுன்னு ஒரு ஊரு. அங்க வந்து நஞ்சப்பன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. மைக்செட்டுக்காரருன்னு கேட்டா நாய்கூட ஊட்டைக் காட்டும். இருவத்தெட்டு வருசமா மைக்செட்டுங்க. கல்யாணம், காதுகுத்து, கச்சிக் கூட்டம், எல்லாத்துக்கும் நாந்தான். மைக்குல ஒருத்தரு செருமுனாப் போதும், யாரு, எந்த ஊரு, காலையில இட்லி தின்னாங்களா களி தின்னாங்களா வரைக்கும் சொல்லீருவன். சிரிக்காதீங்க. மனுசனுக்கு மூஞ்சி பொய் சொல்லும், கொரலு சொல்லாதுங்க. என்ற காதுல ஏமாந்துபோன கொரலுன்னு ஒண்ணு இதுவரைக்கும் கெடையாது.

எங்கூருக்கு வடக்கால ஏர்போர்ஸ் கேம்பு. வேலிக்கு அக்கட்ட அவுங்க, இக்கட்ட நாங்க. எங்கூரு கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில ஏறுனா பிளேனுக்கு வழி சொல்ற டவரு நல்லாத் தெரியும், ஒரு கிலோமீட்டருகூட இருக்காது. பிளேன் எறங்கறப்ப மோரு சிலுப்புற பொம்பளைங்ககூட நிமிந்து பாக்க மாட்டாங்க. அவ்வளவு பழக்கம்.

எனக்கு ஒரே புள்ளைங்க. கோகிலவாணி. பொறந்து அழுதப்பவே அந்தக் கொரலைக் கேட்டுப்போட்டுத்தான் பேரு வெச்சன். அஞ்சு வயசுலயே மைக்கு டெஸ்ட்டு பண்ண வெச்சுட்டன். எப்படின்னா, கோயில் வாசல்ல அவ மைக்கைப் புடிச்சுட்டு நிப்பா. நான் ஊருக் கடைசியில தண்ணித் தொட்டி மேல ஏறிக்குவன். அவ ஒண்ணுலருந்து அஞ்சு வரைக்கும் எண்ணோணும். கேட்டுச்சுன்னா செவப்புத் துண்டை ஒருவாட்டி வீசுவன். பத்தலைன்னா ரெண்டுவாட்டி. துண்டைத் தலைக்கு மேல சுத்துனன்னா ‘நிறுத்து’ன்னு அர்த்தம். அப்பனும் புள்ளையும் அரைக் கிலோமீட்டரு தள்ளி நின்னு, துண்டுலயே பேசிக்குவமுங்க. ஊரே வேடிக்கை பாக்கும்.

ஒரே ஒரு கொறை. ஒன் டூ த்ரீன்னு கணீர்னு வருவா. நாலுக்கு வந்ததும் ஒரு மூச்சு வாங்குவா பாருங்க, ‘ஃபோர்... ஹுக்’னு. அஞ்சு பாதிதான் வரும். “நாலுல மூச்சு வாங்காத சாமி, அஞ்சை முழுங்கிப்போடறே”ன்னு எத்தனையோவாட்டி சொல்லியிருக்கறன். தொட்டி மேல இருந்து கத்தியிருக்கறன். ஒருவாட்டி நோம்பிச் சனத்துக்கு முன்னாடி மைக்கைப் புடுங்கி நானே எண்ணிக் காட்டியிருக்கறன். அவ நல்லதுக்குத்தானுங்க?

அப்பறம் எஞ்சினியரிங் படிச்சா. பரீட்சை எழுதி ஏர்போர்ஸ்ல ஆபீசரு வேலைன்னு கடுதாசி வந்துருச்சு. கையில கடுதாசியோட வந்து நிக்கறா. “அப்பா, வேலை என்னன்னா...”ன்னு ஆரம்பிச்சா. நான் முந்திக்கிட்டன். “பிளேன் ஓட்டறதுன்னாப் போ. கீழ நின்னுக்கிட்டு மைக்கைப் புடிக்கற சோலின்னா வேண்டாம். மைக்கைப் புடிச்சு நான் கண்ட சொகம் போதும். அந்தப் பொழப்பு என்னோட போகட்டும்”னன். அவ கடுதாசிய மடிச்சு வெச்சா. பெட்டியத் தூக்குனா. போயிட்டா. ரெண்டு வருசம். ரெண்டு வருசமா என்றகூட ஒரு வார்த்தை பேசலீங்க. இப்ப நீங்களே சொல்லுங்க, நான் என்ன தப்பாச் சொல்லிட்டன்? மேல பறன்னுதானுங்க சொன்னன்?

அவுங்கம்மாகூட மட்டும் பேசுவா. எங்கூட்டுக்காரி வேலாத்தா சமையக்கட்டுக் கதவைச் சாத்திட்டுப் பேசுவா. நான் கிட்டப் போனா “வெச்சர்றன் கண்ணு”ன்னு வெச்சுருவா. புள்ளைக்கு என்ன வேலைன்னு நான் கேக்கல. எனக்கு ரோசம் இல்லீங்களா? ஆனா தண்ணி குடிக்கறாப்பல அடிக்கொருதரம் அந்தப் பக்கம் போவன். அந்த ரெண்டு வருசத்துல நான் குடிச்ச தண்ணிக்கு ஒரு கெணறு வத்தியிருக்கும்.

ஊருல கேட்டாங்க. பிளேன் ஓட்டறான்னு சொன்னன். பொறகென்ன, வேற என்ன வேலைங்க இருக்கப்போவுது ஏர்போர்ஸ்ல? டீக்கடை ஆறுச்சாமி, “என்ன பிளேனுங்க?”ன்னான். “இருக்கறதுலயே பெரிசு”ன்னன்.

மாசி மாசம் எங்கூரு கேம்புல ஷோன்னு அறிவிச்சாங்க. வானத்துல குட்டிக்கரணம் அடிக்கறது, பொகை உடறது, தலகீழாப் போறது, எல்லாம் உண்டு. பத்து நாளு முன்னாடியே ஒத்திகை. வேலாத்தா சோறு போட்டுக்கிட்டே, “வாணியும் வர்றாளாமா அந்த ஷோவுக்கு”ன்னா.

“வந்து?”ன்னன்.

“வந்து வேலை பாப்பா”ன்னுட்டு ரசம் எடுக்கப் போயிட்டா.

எனக்குச் சோறு எறங்குமுங்களா? மறுநாளே கோயமுத்தூரு உக்கடத்துல பழைய சாமான் கடைக்குப் போனன், ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு பார்ட்டு வாங்க. அங்கதான் அது கெடந்தது. கைக்குள்ள அடங்கற ரேடியோவாட்டம் ஒரு கறுப்பு டப்பா, தலையில ஒரு வாலு. ஸ்கேனருன்னான் கடைக்காரன். வானத்துல எங்க எவன் பேசுனாலும் தேடிப் போயி அங்க நிக்குமாமா. பைலட்டும் டவரும் பேசிக்கறது அத்தனையும் கேக்குமாமா. “ஆனா அண்ணா, இதுல திருப்பிப் பேச முடியாது. கேக்க மட்டுந்தான் செய்யும்”னான். லைசென்சு கிய்சென்சுன்னு எதோ முணுமுணுத்தான், நான் அதுக்குள்ள பஸ் ஏறிட்டன்.

வேலாத்தாகிட்டக் காட்டுனன். கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா. “பேசாது, கேக்க மட்டுந்தான் செய்யுமா? இருவத்தாறு வருசத்துல ஊட்டுக்கு உருப்படியா இன்னைக்குத்தான் ஒரு சாமான் வாங்கிட்டு வந்திருக்கறீங்க. பக்கத்துல வெச்சுக்கிட்டுக் கத்துக்குங்க”ன்னா. அவளுக்குக் குசும்பு ஜாஸ்திங்க.

அன்னைக்கிருந்து காலையில ஒம்பது மணிக்கெல்லாம் மண்டபத்து மாடி. காதுல இயர்போனு, கையில டப்பா, கம்பியில நானே ஒரு ஏரியல் கட்டியிருந்தன். மொத நாளு வெறும் கரகர. ரெண்டாம் நாளு திடீர்னு கொரலுக! ஐயோ தம்பி, அதை என்னன்னு சொல்லுவன்! மேல ஒருத்தன் வெங்காயப் பக்கோடா தின்னுட்டுப் பேசறாப்பல அவ்வளவு சாவகாசமாப் பேசறான், அண்ணாந்து பாத்தா அந்த ஆளு தலகீழாப் போயிட்டிருக்கறான்! எனக்கு இங்கிலீசு நம்பரு தெரியும், ‘ஸ்டாண்ட் பை’ தெரியும், ‘ஓக்கே’ தெரியும். அது போதுமுங்க. அவனுகளும் அதுக்கு மேல ஒண்ணும் பேசறதில்ல.

மூணாம் நாளு ஒரு பொம்பளப் புள்ளை கொரலு. ஹெலிகாப்டருல இருந்து. ‘டைகர் டூ’ங்கறா, அந்த ஹெலிகாப்டருக்கு ரேடியோவுல வெச்ச பேரு. நான் துள்ளிக் குதிச்சன் பாருங்க, இயர்போனு அறுந்துபோச்சு. என்ற புள்ளைன்னு மனசுக்குத் தெரிஞ்சுபோச்சு! கொரலு கொஞ்சம் வேற மாதிரித்தான் இருந்துச்சு, இந்திக்காரியாட்ட. ரெண்டு வருசம் வடக்க இருந்தா மாறாதுங்களா? தண்ணி அப்படி. வேலாத்தாகிட்ட ஓடிவந்து சொன்னன். அவ முந்தானைய வாயில வெச்சுக்கிட்டா. சந்தோசத்துல அழுவறான்னு நெனச்சன்.

ஆனா ஒரு வில்லி இருந்தாளுங்க. டவருல. அதுவும் ஒரு பொம்பளப் புள்ளைதான். என்ற புள்ளை பாவம், “டைகர் டூ ரெடி”ன்னு சொல்லும். இவ உடனே “ஸ்டாண்ட் பை”ம்பா, பொறுத்திருன்னு அர்த்தம். மறுக்கா ரெடின்னு சொல்லும். மறுக்கா ஸ்டாண்ட் பை. ஏனுங்க, ரெடின்னு சொல்ற புள்ளைய உடறதுக்கு என்னங்க? ஆம்பளைக ஓட்டறதையெல்லாம் உடறா, என்ற புள்ளைன்னா மட்டும் நிறுத்தறா. பொறாமைங்க. மேல போறவளப் பாத்துக் கீழ இருக்கறவளுக்கு வர்ற பொறாமை.

அதுலயும் அவளுக்கு மைக்குல பேசவே தெரியலீங்க! தெனமும் ஒத்திகை ஆரம்பிக்கறப்ப ரேடியோ சரியா இருக்குதான்னு எண்ணிக் காட்டுவா. ஒன் டூ த்ரீ நல்லா வரும். நாலுல ஒரு மூச்சு வாங்கி, அஞ்சை முழுங்குவா. கெரகம், இதையெல்லாம் ஆரு வேலைக்கு எடுத்தாங்கன்னு தலையில அடிச்சுக்குவன். ஊட்டுக்கு வந்து வேலாத்தாகிட்டத் திட்டித் தீப்பன். “அந்த டவருக்காரி இருக்கறாளே, அவளப் பெத்தவன் எவனோ, ஒரு மைக்கு எப்படிப் புடிக்கறதுன்னு சொல்லிக் குடுத்து வளக்கல பாரு”ம்பன். வேலாத்தா அம்மிக்கல்லைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுக் குலுங்குவா. வகுத்துவலியான்னு கேட்டா, ஆமாங்கறா.

என்ன தம்பி, நீங்களும் சிரிக்கறீங்க? இருங்க, இன்னும் இருக்குது.

ஷோ அன்னைக்கு ஞாயித்துக்கெழமை. ஊருச் சனம் முச்சூடும் மண்டபத்து மாடியில. நான் மட்டும் இயர்போன்ல கேட்டுக்கிட்டு நின்னா எப்படிங்க? ஊருல எது நடந்தாலும் நாலு பேருக்குக் கேக்கோணும்னுதானுங்க என்ற தொழிலே. காலையிலேயே ஆம்ப்ளிஃபையரை மேல ஏத்துனன். நாலு மூலைக்கு நாலு குழாயக் கட்டுனன். ஸ்கேனருல இயர்போனு சொருகற ஓட்டையில ஒயரைக் குடுத்து ஆம்ப்ளிஃபையருக்கு இழுத்தன். பக்கத்துல என்ற மைக்கு. சுச்சைப் போட்டனுங்க.

அடேயப்பா! பைலட்டு பேசறது செங்காட்டுவலசு முழுக்கக் கேக்குது! கெழவிக கையெடுத்துக் கும்புடறாங்க. பொடுசுக மாடியில குதிக்கறாங்க. நான் உட்டனா? நோம்பிக்குச் சொல்றாப்பலயே ஆரம்பிச்சுட்டன். “அன்பார்ந்த பொதுமக்களே, இப்பொழுது மேற்குத் திசையிலிருந்து மூன்று விமானங்கள் ஜோடி போட்டு வந்துகொண்டிருக்கின்றன! குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளவும்! நகைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்!” நகைக்கும் பிளேனுக்கும் என்ன சம்பந்தம்னு ஆறுச்சாமி கேட்டான். வாயில வந்துருச்சு, சொல்லிட்டன், இப்ப என்ன?

பிளேனுக தலைக்கு மேல சீறிட்டுப் போவுது, குழாயில அவனுக மூச்சு வாங்கறது கேக்குது, சனம் விசிலடிக்குது. என்ற ஆயுசுல அப்படி ஒரு புரோகிராம் பண்ணுனதில்லீங்க. மண்டபத்துக்குப் பின்னால ஒரு ஆலமரம், அதுல இருக்கற காக்கா அத்தனையும் குழாய் சத்தத்துக்குக் கெளம்பி வானமே கறுப்பா நிக்குது. அதுவும் ஒரு அழகாத்தான் இருந்துச்சு.

அப்பத்தான் குழாயில வந்துச்சு, “டைகர் டூ ரெடி.”

“பொதுமக்களே!”ன்னு கத்துனன். “இதோ, செங்காட்டுவலசு பெற்றெடுத்த வீராங்கனை, நமது மைக்செட் நஞ்சப்பனின் அருமைப் புதல்வி, விமானி கோகிலவாணி!” எல்லாரும் கை தட்டறாங்க. கெழக்க ஹெலிகாப்டரு ரெக்கை சுத்தறது தெரியுது.

“டைகர் டூ, ஸ்டாண்ட் பை”ங்கறா டவருக்காரி.

சித்த நேரம் பொறுத்தன். மறுக்கா ரெடி. மறுக்கா ஸ்டாண்ட் பை. இன்னொருவாட்டி ஸ்டாண்ட் பை. ஊரே என்ற மூஞ்சியப் பாக்குது. எனக்கு மண்டைக்கு ஏறிருச்சு. மைக்கை வாய்கிட்ட வெச்சுக்கிட்டு டவரைப் பாத்துத் திரும்பி, “ஏனம்மிணி! டவர் அம்மிணி! என்ற புள்ளைய எத்தனை நேரந்தான் நிறுத்தி வெப்பே? பத்து நாளாப் பாக்கறன்! அவ பறக்கறது உனக்கு வகுறு எரியுதா? அவ என்ற புள்ளை, தெரியுமா? ஒரு அஞ்சு ஒழுங்கா எண்ணத் தெரியாத நீ, என்ற புள்ளைய நிறுத்தறயா? அவளாட்ட ஒரு புள்ளை ஏழு ஊருல கெடையாது! அவ அப்பன் சொல்றன், உடு அவளை!”ன்னு ஒரு புடி புடிச்சன். சனம் ஓன்னு கத்துது.

தம்பி, அந்தக் கத்தல் அடங்கறதுக்குள்ள குழாயில ஒண்ணு கேட்டுச்சுங்க. டவருக்காரி மைக்கு தொறந்திருக்குது. அவளுக்குப் பொறகால சன்னமா, தூரத்துல, “உடு அவளை”ன்னு ஒரு கொரலு. என்ற கொரலு! என்ற குழாய் சத்தம் டவரு வரைக்கும் போயி, அவ மைக்குல பூந்து, வானத்துல ஏறி, மறுக்கா என்ற குழாய்க்கே வருது!

அப்பறம் ரேடியோ சரியா இருக்குதான்னு பாக்கறதுக்கு அவ எண்ண ஆரம்பிச்சா. நாலு குழாயிலயும். ஊரு முழுக்க. ஒன். டூ. த்ரீ. ஃபோர்... ஹுக்... ஃபைவ்.

பத்து நாளா அந்தச் சின்ன இயர்போன்ல கேட்டது வேற. இது அதே குழாயிங்க. அஞ்சு வயசுலருந்து அவ எண்ணிக் கேட்ட அதே நாலு குழாயி. கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறதும்பாங்களே, நான் வெண்ணெயத் திட்டிக்கிட்டே அலஞ்சிருக்கறனுங்க!

திரும்பி வேலாத்தாவப் பாத்தன். இந்தவாட்டி அவ சிரிக்கல. “ரெண்டு வருசமா சொல்லோணும்னுதான் இருந்தன். நீங்க எங்க எங்ககிட்ட மைக்கைக் குடுத்தீங்க?”ன்னா. “கீழ நின்னு மைக்கைப் புடிக்கற சோலின்னா வேண்டாம்னு சொன்னீங்கல்ல? அதுதாங்க அவ வேலை. மேல போற அத்தனை பேரும் அவ வாயப் பாத்துத்தான் ஏறறாங்க, எறங்கறாங்க. அதைச் சொன்னா நீங்க கேவலமா நெனைப்பீங்கன்னு புள்ளை உங்களுக்குப் போன் பண்ணவே பயந்துக்கிட்டு இருக்குது.”

என்றகிட்டப் பயமா! அழுதுட்டனுங்க. ஊருக்கு முன்னாடி, மாடியில நின்னு, மைக்கு ஆன்ல இருக்கறப்பவே அழுதுட்டன். நாலு குழாயிலயும் கேட்டுச்சு.

ஆறுச்சாமி கிட்ட வந்து, “என்னங்க ஆச்சு? வாணி எங்கீங்க?”ன்னான். மைக்கை எடுத்தன். எப்படியும் தெரியத்தான் போவுது. “பொதுமக்களே, ஒரு திருத்தம். டவருல பேசறதுதான் என்ற புள்ளை”ன்னன்.

“அப்ப ஹெலிகாப்டருல இருக்கறது?”ன்னு கூட்டத்துல ஒருத்தன்.

“அது ஆரோ பெத்த புள்ளை. நல்லா இருக்கட்டும்”னன். அப்ப கெளம்புச்சு பாருங்க ஒரு சிரிப்பு! மண்டபமே இடிஞ்சு உளுந்துரும்னு பாத்தன். நானும் சிரிச்சன். அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்தா மூக்கு ஒழுகும் தம்பி, வேற ஒண்ணும் ஆகாது.

தோள்ல கெடந்த செவப்புத் துண்டை எடுத்தன். கைப்புடிச் சுவத்து மேல ஏறி நின்னன். டவரைப் பாத்து ஒரேயொருவாட்டி வீசுனன். கேக்குது சாமி, நல்லாக் கேக்குது.

டவரைச் சுத்தி ஒரு வராண்டா உண்டுங்க. அங்க ஒரு ஆளு வந்து நின்னுச்சு. நீலச் சட்டை. முகமெல்லாம் தெரியல, ஒரு வெரலு ஒசரந்தான் இருக்கும். கையில வெள்ளையா எதோ, கர்ச்சீப்போ காயிதமோ. அதைத் தலைக்கு மேல தூக்கி, சுத்து சுத்துன்னு சுத்துச்சு.

நிறுத்துன்னு அர்த்தம்.

ரெண்டு வருசம் கழிச்சு என்ற புள்ளை என்றகூடப் பேசுன மொத வார்த்தை அதுதானுங்க. நிறுத்து. நான் ஒரு புரோகிராமைப் பாதியில நிறுத்துனதா சரித்திரமே இல்ல. மந்திரி வந்து சொல்லியே நிறுத்துனதில்ல. சுச்சைப் பட்டுனு அணைச்சன். சத்தம் நின்னதும் காக்கா ஒவ்வொண்ணா மரத்துல வந்து உக்காருது. எல்லாம் அடங்குன பொறவு ஹெலிகாப்டரு அப்படியே எந்திரிச்சு வந்துச்சு பாருங்க! அப்பத்தான் எனக்கு ஒறைக்குது. அவ நிறுத்துனது பொறாமையில இல்ல. ஒத்திகையில நிறுத்துனது மத்த பிளேனுக்கு வழி உடறதுக்கு, அன்னைக்கு நிறுத்துனது காக்காயால. காக்கா ரெக்கையில அடிச்சா ஹெலிகாப்டருக்கு ஆபத்து. காக்காயக் கெளப்புனது ஆரு? நானு.

அரை மணி நேரத்துல ஜீப்பு வந்துருச்சு. ஏட்டய்யா மூச்சு வாங்க மாடி ஏறி வந்தாரு. டவருல இருந்து போன்ல புகாருன்னாரு. அந்த ஸ்கேனரை லைசென்சு இல்லாம வெச்சுக்கவே கூடாதாமா, எடுத்துக்கிட்டாரு. “புகாரு குடுத்தது ஆருங்க?”ன்னன். காயிதத்தைப் பாத்து, “ஃபிளையிங் ஆபீசர் என். கோகிலவாணி”ன்னாரு.

“ஐயா, ஐயா, அந்தப் பேரை இன்னொருவாட்டி வாசிங்க. இந்தாங்க மைக்கு!”ன்னன்.

“யோவ், அந்த எழவைத்தான்யா நிறுத்தச் சொல்லியிருக்காங்க!”ன்னாரு. என்ற புள்ளை என்ற மேலயே புகாரு குடுத்திருக்கறா தம்பி! அப்பன்னு பாக்கல! ரூல்சுன்னா ரூல்சு! ஆபீசருன்னா அப்படி இருக்கோணும். ஏட்டய்யா தோளைப் புடிச்சுக்கிட்டு ஒரு ஆட்டம் போட்டன். அவரு என்னையப் பைத்தியம்னு நெனச்சிருப்பாரு.

ஆனா அவருக்கு ஒரு சந்தேகம். காயிதத்தை மோந்து பாக்காத கொறையாப் பாக்கறாரு. “நானும் எத்தனையோ புகாரு எழுதியிருக்கேன். இந்தம்மா சொன்னது மட்டும் புரியல. சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கங்கன்னாங்க, எழுதுனேன்”னு வாசிச்சாரு. “மண்டபத்து மாடியில் நான்கு குழாய் ஸ்பீக்கர்கள். உடனே நிறுத்த வேண்டும். நான்காவது குழாய் கரகரவென்கிறது. உள்தகடு கிழிந்திருக்கிறது. மாற்றச் சொல்லவும்.”

நாலாவது குழாயக் கழட்டிப் பாத்தனுங்க. ஆமா. அதிர்ந்து சத்தம் குடுக்கற அந்தத் தகடு ஓரத்துல ஒரு நூலளவு கிழிசல். பக்கத்துல நின்ன எனக்குக் கேக்கல. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டரு தள்ளி, தலைக்கு மேல அத்தனை பிளேனு கத்தறப்ப, அவளுக்குக் கேட்டிருக்குது. நாஞ் சொல்லல? காது எங்க வம்சத்துக்கே உண்டுங்க!

அன்னைக்கு சாயங்காலமே அவுங்களையெல்லாம் பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, அங்க அடுத்த ஷோவாமா. வேலாத்தா சொன்னா. இல்லீங்க, நான் போன் பண்ணல. நம்பரு சட்டைப் பையிலதான் இருக்குது, வேலாத்தா எழுதிக் குடுத்தா. போன்ல என்னத்தைப் பேசறதுங்க? எனக்கு மைக்கு இல்லாமப் பேச வராது. மைக்கு இருந்தாலும், பாத்தீங்கல்ல, என்னத்தைப் பேசுனன்னு. ‘தவளை தன் வாயாலதான் கெடும்’னு வேலாத்தா சும்மாவா சொன்னா?

அதுக்குத்தான் இந்தக் குழாய். புதுத் தகடு மாத்திட்டன். எங்கூருல யாரை வெச்சு வேணும்னாலும் டெஸ்ட்டு பண்ணியிருக்கலாம், எனக்கு மனசு ஒப்பல. சின்ன ஆம்ப்ளிஃபையரு காலுக்கடியில இருக்குது. அங்கத்த கேம்பு கேட்டுக்கு வெளியில எங்காச்சும் ஒரு ஓரமா, அவ ரூல்சுக்கு ஒத்துவர்ற எடமாப் பாத்து வெச்சுட்டு, மைக்கை அவ கையில குடுத்துப்போட்டு, நான் தூரமாப் போயி நின்னுக்குவன். துண்டு இருக்குது, பாருங்க, தொவச்சு எடுத்துட்டு வந்திருக்கறன். நான் ஒண்ணும் பேச மாட்டன். அவ எண்ணட்டும்.

நாலுல மூச்சு வாங்கட்டும் தம்பி. நல்லா நின்னு வாங்கட்டும். அஞ்சு வர்ற வரைக்கும் நான் காத்துட்டு இருப்பன்.